ஊருக்குப் போய் வந்ததிலிருந்து 5 வாரமாக வயிற்றுப்போக்கு: எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் பதில் சொல்லவும்

இரவுக்காவல் | திங்கள், காலை 8.10

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். இப்போ வேற வழியில்லாம எழுதுறேன்.

வயசு 54. எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சது 2016ல. அன்னையிலேருந்து மாத்திரையை ஒரு ராத்திரி விட்டதில்லை. கடைசி சோதனையில சிடி4, அதான் எதிர்ப்புச் சக்தி அணுக்களோட எண்ணிக்கை, 610. வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே. வேற வியாதி ஒண்ணும் இல்லை, இனிப்பு நீர் மட்டும் உண்டு, சர்க்கரை வியாதிதான்.

பிப்ரவரியில அக்கா மகள் கல்யாணம், பட்டுக்கோட்டை பக்கம். பத்து நாள் இருந்தேன். திரும்பி வந்த மூணாம் நாள் ஆரம்பிச்சது, இன்னையோட 5 வாரம். தண்ணியா, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை.

வேலை கொண்டோவில காவல், ராத்திரி 7 மணியிலேருந்து காலை 7 வரைக்கும். வாசல்ல நான் ஒரே ஆள். கழிவறை நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம். போன வெள்ளிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு ஒரு டாக்சி வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சு அடிச்சு, ரெண்டாம் மாடிக்காரர் லுங்கியோட இறங்கி வந்துட்டார். நான் குளத்துப் பக்கத்திலேருந்து பெல்ட்டை மாட்டிக்கிட்டே ஓடி வர்றேன். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம். இப்போ சாப்பிடாமத்தான் வேலைக்குப் போறேன்.

புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக்ல கரி மாத்திரையும் போக்கை நிறுத்துற லோபெரமைடும் குடுத்து ரெண்டு நாள் மருத்துவ விடுப்பு போட்டாங்க. எச்ஐவி விஷயம் அங்கே சொல்லலை. எங்கேயும் சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில சிங்கப்பூர் எச்ஐவி பதிவேட்டுலேருந்து 14,200 பேர் விவரம் வெளியே போச்சுன்னு நியூஸ் வந்த அன்னைக்கு நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன், தட்டைத் தொடலை.

இது ஊர்த் தண்ணியில வந்த கிருமியா? எச்ஐவி இருந்தா இப்படித்தான் ஆரம்பிக்கும், அப்புறம் ஆள் உருகிப் போயிடுவான்னு படிச்சேன். எச்ஐவி கிளினிக்ல அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு இன்னும் 7 வாரம் இருக்கு.

ஈசூன்காரன் | திங்கள், காலை 9.02

சந்தேகமே வேணாம் அண்ணே, கல்யாண வீட்டு ரோஸ் மில்க், ஐஸ் கட்டி. நானும் போன வருஷம் அப்படித்தான் மாட்டினேன். ஜொகூர் பாருல வாங்கின சிப்ரோ ஆன்டிபயாட்டிக் பத்து மாத்திரை மிச்சம் வச்சிருக்கேன். அஞ்சு நாள் போட்டா நின்னுடும். வேணும்னா தனிச்செய்தி அனுப்புங்க.

மோல்மேன்ரோடு | திங்கள், பிற்பகல் 1.40

ஈசூன் தம்பி, அந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதே. என்ன கிருமி என்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் விழுங்கினால், குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்து, சி டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா தலைதூக்கும். அது வந்தால் இப்போதைய போக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். சர்க்கரைக்காரருக்கு சிப்ரோ சர்க்கரையைத் தடாலடியாக ஏற்றி இறக்கவும் செய்யும்.

இரவுக்காவல் தம்பி, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். மோல்மேன் ரோட்டில் பழைய தொற்றுநோய் மருத்துவமனை இருந்த காலத்தில் எய்ட்ஸ் வார்டில் வேலை பார்த்தவள். நீங்கள் படித்த "உருகிப் போவது" எங்கள் கண்ணால் பார்த்தது. உகாண்டாவில் 80களில் இந்த நோய்க்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரே "ஸ்லிம்". மெலிய வைக்கும் நோய் என்று அர்த்தம். எங்கள் வார்டில் ஒருவருக்கு டிரிப் ஏறும் வேகத்தைவிட வெளியே போகும் வேகம் அதிகம். கட்டிலுக்கடியில் வாளி, வாளியில் அளவுக்கோடு. ஷிஃப்டு முடியும்போது லிட்டர் கணக்கு எழுதுவோம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி. அதை நேராகக் கொல்லும் நம்பகமான மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் பெரிதாக இல்லை. 1996க்குப் பிறகு மூன்று மருந்துச் சேர்க்கை வந்தது. சிடி4 ஏறிய ஆட்களுக்கு, கிருமிக்கென்று எதுவும் கொடுக்காமலே போக்கு நின்றது. டாக்டர்களே ஆச்சரியப்பட்டுப் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே முதல் கேள்வி சிடி4 எவ்வளவு என்பதுதான். 100க்குக் கீழே என்றால் கிரிப்டோ, மைக்ரோஸ்போரிடியா, சிஸ்டோஐசோஸ்போரா போன்ற குடல் கிருமிகள். 50க்குக் கீழே சிஎம்வி வைரஸ் பெருங்குடலைப் புண்ணாக்கும், காசநோய்க் கிருமியின் உறவுக்காரன் ஒருவன் ரத்தத்திலேயே பரவுவான். உங்களுக்கு 610. அந்தப் பட்டியல் உங்களுக்கில்லை. 200க்கு மேலே இருப்பவருக்கு வருவதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வருவதுதான்: சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபேக்டர், ஜியார்டியா. முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும், ஜியார்டியா மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். எப்படியும் மலப் பரிசோதனை வேண்டும். 7 வாரம் காத்திருக்காதீர்கள், நாளைக்கே எச்ஐவி கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

ரத்தம் போகிறதா? காய்ச்சல்? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? எடை?

இரவுக்காவல் | திங்கள், மாலை 5.25

ரத்தம் இல்லை அக்கா. காய்ச்சலும் இல்லை. நான் தூங்குறதே பகல்லதான், தூக்கத்துல எழுப்பினதில்லை. சாப்பிட்டு அரை மணி நேரத்துல வரும். எடை 3 கிலோ குறைஞ்சிருக்கு, பாதிப் பட்டினி கிடக்கிறதுனாலயும் இருக்கலாம்.

தம்பிக்காக | திங்கள், இரவு 10.15

அண்ணா, என் தம்பிக்கு நடந்ததை எழுதுறேன். அவனுக்கு 34 வயசு. மூணு மாசமா வயித்துப்போக்கு, 14 கிலோ இறங்கிட்டான். ஒவ்வொரு கிளினிக்கா போனான். ஃபுட் பாய்சனிங்னு ஒருத்தர் சொன்னார், மன அழுத்தம்னு இன்னொருத்தர் சொன்னார். எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஒருத்தருக்கும் தோணலை. இல்லை, தோணியும் கேக்கக் கூச்சப்பட்டாங்களோ என்னமோ. கடைசியில ஷவர்ல மயங்கி விழுந்து ஏ&இ (அவசர சிகிச்சை) போனப்பதான் தெரிஞ்சது. சிடி4 38.

மலத்தைச் சோதிச்சாங்க, ஒண்ணும் இல்லைன்னு வந்தது. மறுபடி எடுத்தாங்க. அப்பவும் இல்லை. அந்த வார்டு டாக்டர் விடலை. சாதாரணமா பாக்கிறதுல இந்த ஒட்டுண்ணியெல்லாம் தப்பிச்சிடும், தனிச் சாயம் போட்டுப் பாக்கணும்னு லேபுக்கு எழுதி அனுப்பினார். மூணாவது மாதிரியில சிஸ்டோஐசோஸ்போரா கிடைச்சது. அந்தப் பேரை என்னால ஒரு வாரத்துக்குச் சரியா சொல்ல முடியலை. கோட்ரைமோக்சசோல்னு பழைய மாத்திரை, விலை ஒண்ணும் பெரிசில்லை. மூணாம் நாள் அவன் முழு ராத்திரி தூங்கினான். நான் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து, தூங்குறானா இல்லை வேற எதுவுமான்னு மூச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அதே மாத்திரையைக் குறைஞ்ச அளவுல இன்னமும் எடுக்கிறான். சிடி4 200 தாண்டி ஆறு மாசம் நிக்கணுமாம், இல்லைன்னா அது திரும்பி வருமாம். இப்போ 170.

அதனால "ஒண்ணும் இல்லை"ன்னு முதல் ரிசல்ட் வந்தா நம்பி வீட்டுக்கு வந்துடாதீங்க. மூணு நாள், மூணு மாதிரி. உங்க சிடி4 நல்லா இருக்கு, உங்களுக்கு இது இருக்காதுன்னு அக்கா சொல்றது சரிதான். ஆனா எங்க வீட்டுல நடந்ததுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியலை.

இதைப் படிக்கிற யாருக்காவது காரணமே தெரியாம மாசக்கணக்கா போக்கு இருந்து, எச்ஐவி டெஸ்ட் எடுத்ததே இல்லைன்னா, இங்கே சிங்கப்பூர்ல ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்ங்கிற தொண்டு அமைப்பு நடத்துற இடத்துல பேர் குடுக்காம எடுக்கலாம். தம்பிக்கு அது தெரியாது. எனக்கும் அப்போ தெரியாது.

மருதமலை | செவ்வாய், காலை 6.30

மாதுளை ஓட்டைக் காயவைத்துப் பொடி செய்து மோரில் கலந்து மூன்று வேளை குடியுங்கள். கூடவே தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. எங்கள் பாட்டி காலத்து வைத்தியம், பக்க விளைவு கிடையாது. தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் கிடைக்கும்.

மருந்துப்பெட்டி | செவ்வாய், காலை 7.50

மருதமலை ஐயா, மோர் சரி. மாதுளை ஓடு துவர்ப்பு, கொஞ்சம் கட்டும்தான். சுண்ணாம்புத் தண்ணீர்தான் இடிக்கிறது. அது கால்சியம். எச்ஐவிக்கு இப்போது பெரும்பாலும் கொடுக்கும் மருந்து வகையைக் கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் எல்லாம் வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குள் போக விடாது. பாட்டி காலத்தில் அந்த மருந்து இல்லை, பாட்டி மேல் தப்பில்லை.

கரி மாத்திரையும் அதே கதைதான். கரி கிருமியைத் தேடிப் பிடிப்பதில்லை, கைக்குக் கிடைத்ததை எல்லாம் உறிஞ்சும். இரவுக்காவல் அண்ணே, அதை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? உங்கள் எச்ஐவி மாத்திரையோடு சேர்த்தா?

இன்னொன்று. முதல் பதிவில் "இனிப்பு நீர் மட்டும் உண்டு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு, எப்போதிலிருந்து? எச்ஐவி மாத்திரையின் பெயரும் வேண்டும். நான் மருந்தாளுநர், ஆனால் உங்கள் மருந்தாளுநர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரவுக்காவல் | செவ்வாய், காலை 9.15

இப்போதான் வீட்டுக்கு வந்தேன். ரெண்டு பையையும் மெத்தையில கொட்டி வச்சிக்கிட்டு எழுதுறேன்.

பச்சைப் பை, பலதுறை மருந்தகம், அதான் சர்க்கரைக்குப் போற பாலிகிளினிக். மெட்ஃபார்மின் 500. முன்னே காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஜனவரி கடைசியில சர்க்கரை கூடியிருக்குன்னு ரெண்டு ரெண்டா ஆக்கிட்டாங்க. அதோட கொலஸ்ட்ரால் மாத்திரை.

வெள்ளைப் பை, நொவீனாவில இருக்கிற எச்ஐவி கிளினிக். இத்தனை வருஷம் எஃபாவிரென்ஸ் இருந்த மாத்திரை. கெட்ட கெட்ட கனவா வருதுன்னு சொன்னதால ஜனவரி நடுவுல டோலுடெக்ராவிருக்கு மாத்தினாங்க. அப்போ ஃபாரத்துல மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளைன்னு எழுதினேன். அன்னைக்கு அதுதான் உண்மை.

கரி மாத்திரையை ராத்திரி எல்லாத்தையும் சேர்த்து ஒரே வாயில போட்டுத் தண்ணி குடிப்பேன். தப்பா?

வெள்ளைப் பை இருக்கிறது பச்சைப் பைக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்னு நான்தான் வச்சிருக்கேன்.

மருந்துப்பெட்டி | செவ்வாய், காலை 10.05

அண்ணே, பட்டுக்கோட்டை ரோஸ் மில்க் மேல் போட்ட பழியைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம்.

மெட்ஃபார்மின் தனியாகவே வயிற்றைக் கலக்கும். அளவைக் கூட்டிய புதிதில் போக்கு வருவது அன்றாடம் பார்ப்பது. 1000 மில்லிகிராமிலிருந்து ஒரே தாவலாக 2000. அது மட்டுமே போதும்.

இங்கே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மெட்ஃபார்மின் உடம்பில் உடைந்து கரைவதில்லை. உள்ளே போனது போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். அதற்கென்று சிறுநீரகத்தில் சில வாசல்கள் உண்டு. டோலுடெக்ராவிர் அந்த வாசல்களைப் பாதி சாத்திவிடும். தினம் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் எடுப்பவர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் சுமார் 79 விழுக்காடு கூடுதலாகத் தங்குகிறது. நீங்கள் விழுங்குவது 2000, உடம்பு பார்ப்பது 3500க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் நாளைக்கு 1000ஐத் தாண்ட வேண்டாம் என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கும்.

நொவீனாவில் 1000 என்று பார்த்தார்கள், அது வரம்புக்குள். பலதுறை மருந்தகத்தில் டோலுடெக்ராவிர் என்ற பெயரையே பார்க்கவில்லை, சர்க்கரை கூடியதால் அளவைக் கூட்டினார்கள். அவரவர் கையிலிருந்த தாளின்படி இரண்டு பேரும் சரி.

கூட்டிய அளவு ஜனவரி கடைசி என்கிறீர்கள், ஊருக்குப் போனது பிப்ரவரி. ஊரில் இருந்தபோது அந்த மாத்திரையை ஒழுங்காக எடுத்தீர்களா?

இரவுக்காவல் | செவ்வாய், காலை 10.20

இல்லை. கல்யாண வீட்டுல யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு எச்ஐவி மாத்திரையை மட்டும் விட்டமின் பாட்டில்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். ஊருக்குப் போகிற வரைக்கும் சர்க்கரை மாத்திரை பழைய பாக்கெட்ல மிச்சம் இருந்ததைப் பழைய அளவுலயே முடிச்சேன். ஊர்ல அதைத் தொடவே இல்லை. திரும்பி வந்துதான் புதுப் பாக்கெட்டைப் பிரிச்சேன்.

அடக் கடவுளே.

மோல்மேன்ரோடு | செவ்வாய், காலை 11.30

மூன்றாம் நாள் ஆரம்பித்த கதை இப்போது புரிகிறது. இருந்தாலும் மலப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், ஊர்த் தண்ணீர் குடித்ததும் உண்மைதானே. எச்ஐவி மாத்திரையை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது. மெட்ஃபார்மினை என்ன செய்வது என்று இன்றே நொவீனா கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேளுங்கள். போக்கில் உடம்புத் தண்ணீர் வற்றி, சிறுநீரகம் திணறி, மெட்ஃபார்மின் இன்னும் தேங்கினால் ரத்தம் அமிலமாகும். அரிதுதான், ஆனால் ஆபத்து. தலை சுற்றல், சிறுநீர் குறைவது, வாந்தி, வேக வேகமாக மூச்சு வாங்குவது இருந்தால் போன் எல்லாம் வேண்டாம், நேராக ஏ&இ.

அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல். கடைப் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரைக்காரன் சர்க்கரை குடிப்பதா என்று பயப்படாதீர்கள், அந்தச் சர்க்கரை இல்லாமல் குடல் உப்பையும் தண்ணீரையும் இழுக்காது. 1971 வங்காளதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் டிரிப் பாட்டில் தீர்ந்துபோய் டிரம்மில் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றியது இதைத்தான். குளுக்கோமீட்டர் இருந்தால் கூடுதலாக ஒரு தடவை குத்திப் பாருங்கள்.

ஈசூன்காரன் | செவ்வாய், பிற்பகல் 12.45

கோவிச்சுக்காதீங்க அண்ணே, பலதுறை மருந்தகத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த 5 வாரமே இல்லையே. டாக்டர்கிட்ட என்ன வெட்கம்?

தம்பிக்காக | செவ்வாய், பிற்பகல் 1.10

வெட்கம்னு சுலபமா சொல்லிட்டீங்க. தம்பி டிஸ்சார்ஜ் ஆகி வந்த வாரம், சொந்தக்காரங்க ஒருத்தங்க எங்க வீட்டுல டீ குடிக்க மாட்டேன்னுட்டாங்க. அம்மா அவனுக்குத் தனித் தட்டு வச்சாங்க. ஒரே தட்டுல நான் அவன்கூடச் சாப்பிட்டுக் காட்டின அப்புறம்தான் அதை எடுத்தாங்க. சொல்றவன் சொல்லிட்டுப் போயிடலாம், அப்புறம் அங்கேயே வாழணும்.

ஆனா டாக்டர்கிட்ட சொல்லணும்ங்கிறதுல உங்க பக்கம்தான் நான்.

ஈசூன்காரன் | செவ்வாய், பிற்பகல் 1.22

மன்னிச்சிடுங்க அக்கா. சிப்ரோவைத் தூக்கிப் போடுறேன்.

மருந்துப்பெட்டி | செவ்வாய், பிற்பகல் 1.50

குப்பையில் போட வேண்டாம், மருந்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார்களா கேளுங்கள் :)

அண்ணே, பலதுறை மருந்தகத்தில் வாய் திறந்து சொல்ல வராவிட்டால், நொவீனா டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். மூடிய உறையில் கொடுப்பார்கள். கவுன்ட்டரில் எதையும் சொல்ல வேண்டாம், அறைக்குள் போய் நீட்டினால் போதும்.

இரவுக்காவல் | இரண்டு வாரம் கழித்து, வியாழன், காலை 8.40

தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அன்னைக்கே போன் பண்ணினேன். மறுநாளே வரச்சொல்லிட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க, சிறுநீரகம் பரவாயில்லை. மலம் மூணு மாதிரி, தம்பிக்காக தங்கச்சி சொன்ன தனிச் சாயத்தையும் நானே கேட்டேன். அந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரியா பாத்துட்டு "யார் சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. மூணும் சுத்தம். சி டிஃபிசிலும் இல்லை. மெட்ஃபார்மினை மறுபடி 500 ரெண்டு வேளைக்குக் குறைச்சாங்க. கரி மாத்திரையைப் பாத்துட்டு டாக்டர் தலையில கை வச்சார். வைரஸ் அளவும் பாத்தாங்க, நல்லவேளை, ஏறலை.

ஆறாம் நாள் ரெண்டு தடவைதான். எட்டாம் நாளிலேருந்து மனுஷன் மாதிரி ஒரே தடவை.

நேத்து பலதுறை மருந்தகம். உறையைச் சட்டைப் பையில வச்சிருந்தேன், வியர்வையில ஓரம் நனைஞ்சு போச்சு. சின்ன வயசு டாக்டர், என் மகளைவிட ரெண்டு வயசு கூட இருக்கும். பிரிச்சுப் படிச்சாங்க. நான் அவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கேன். நிமிர்ந்து "எந்தத் தேதியில மாத்திரை மாத்தினாங்க?"ன்னு கேட்டாங்க, சொன்னேன், டைப் அடிச்சாங்க. சர்க்கரைக்கு வேற மாத்திரை ஒண்ணு சேர்த்தாங்க. அது உங்க மத்த மருந்தோட மோதாதுன்னு அவங்களே பாத்துச் சொன்னாங்க. அப்புறம் வழக்கம்போல, கால்ல புண் இருக்கா, செருப்பைக் கழட்டுங்க.

அவ்வளவுதான். ஒம்போது வருஷமா இதுக்குத்தான் பயந்தேன்.

புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக்ல இன்னும் சொல்லலை. சொல்வேனான்னும் தெரியலை.

மோல்மேன்ரோடு | வியாழன், காலை 9.30

எடை?

இரவுக்காவல் | வியாழன், காலை 9.41

ஒண்ணரை கிலோ திரும்பி வந்திருக்கு அக்கா. நேத்து ராத்திரி வேலைக்கு மூணு தோசை கட்டிக்கிட்டுப் போனேன்.

புக்கிட்பாத்தோக் | வியாழன், இரவு 11.05

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எச்ஐவிக்கு நான் எடுப்பது பிக்டெக்ராவிர் உள்ள மாத்திரை. மெட்ஃபார்மின் 850 இரண்டு வேளை. வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. நானும் குறைக்க வேண்டுமா?

மருந்துப்பெட்டி | வெள்ளி, காலை 7.35

பிக்டெக்ராவிரும் அதே வாசலைத்தான் சாத்தும், ஆனால் அவ்வளவு இல்லை. மெட்ஃபார்மின் ஏறுவது 39 விழுக்காடு அளவில். வயிறு சரியாக இருந்து சிறுநீரகமும் நன்றாக இருந்தால் பொதுவாக மாற்றுவதில்லை. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை கடைசியாக எப்போது பார்த்தார்கள்? உங்கள் இரண்டு மருந்தும் ஒரே இடத்தில்தான் வாங்குகிறீர்களா?

புக்கிட்பாத்தோக் | வெள்ளி, காலை 7.52

இல்லை. எனக்கும் இரண்டு பைதான்.